மூன்று மணிக்கு வெளியீடு!

"ஐயோ... றோய்!"

புனிதவதியின் அலறல் பேஸ்மென்டிலிருந்து கிளம்பி மேல்மாடி வரை கேட்டது.

காலை எட்டேகால். மோர்னிங்சைட் பகுதியில் இரத்தினவேலின் வீடு.

ஒன்பது மணிக்கு டிடெக்டிவ் பிரதீபா படியிறங்கினாள். முதலில் நாற்றம் வந்தது. வாந்தி, புளித்த வைன், எண்ணெய்ச் சாயம்... மூக்கைப் பொத்திக்கொண்டாள். பதினொரு வருட வேலையில் பிணங்கள் அவளுக்குப் பழகிவிட்டன. பிணத்தைச் சுற்றி நிற்கிற மனிதர்கள்தான் இன்னும் பழகவில்லை.

சோபாக் கட்டிலில் றோய். வீட்டுக்கு வந்த விருந்தாளி, லண்டன் ஓவியர். வயிற்றில் ஊசி குத்திய சிவப்புப் புள்ளி.

கட்டிலுக்கடியில் ஓர் இன்சுலின் ஊசி... காலி!

"ஆற்றை இன்சுலின் உது?"

வீட்டுக்காரர் இரத்தினவேல் முன்னுக்கு வந்தார்.

"என்ரை, பிள்ளை. ஃபிரிட்ஜிலை வைச்சிருந்தனான்..."

"நேற்று இவரோடை சண்டையாமே?"

"ஓம்... சாமியறை வாசல்லை இருந்து குடிச்சார். வெளியிலை போ எண்டு கத்திப்போட்டன். அதுக்காக ஆளைக் கொல்லுவனே?"

புனிதவதி கணவரின் கையை விடவேயில்லை.

"உவரைக் கொண்டு போகாதேங்கோ, பிள்ளை! எனக்கு உவரை விட்டா இஞ்சை ஒருத்தரும் இல்லை!"

பிரதீபா கணக்குப் போட்டாள். ஊசி அவருடையது. சண்டை அவருடையது. வீடும் அவருடையது. மத்தியானத்துக்குள் அந்த மனிதரைக் காரில் ஏற்றத்தான் வேண்டியிருக்கும்.

மேலே குசினிக்குப் போனாள். கணவனும் மனைவியும் பின்னால் ஏறி வந்தார்கள்.

அங்கே ஒருவர் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தார்!

எழுத்தாளர் அலெக்ஸாண்டர். வீடு லண்டனில்; சாப்பாடு மட்டும் உலகம் முழுக்க நண்பர்கள் வீட்டில். இந்தக் கோடையில் அவரும் றோயும் இத்தாலிக்குப் போய், பலெர்மோவில் வேரோனிக்கா என்ற சிநேகிதி வீட்டில் அறுபது நாட்கள் இருந்தார்கள். அதுதான் புத்தகம். எழுத்து அலெக்ஸாண்டர், படம் றோய். இன்று மூன்று மணிக்குப் பக்கத்து நகரம் மார்க்கத்தில் வெளியீடு.

"கீழை உங்கடை சிநேகிதன் செத்துக் கிடக்கிறார்..." என்றாள் பிரதீபா.

"துக்கம் வந்தா எனக்குப் பசிக்கும், தங்கச்சி. புனிதமக்கா, இன்னும் கொஞ்சம் சம்பல்?"

பிரதீபா அவருடைய தட்டைப் பார்த்தாள். சீ... இவனும் ஒரு மனிதன்!

"நீங்களும் கீழைதானே படுத்தனீங்கள்?"

"ஓம். படுத்தா எனக்கு உலகமே தெரியாது. இரத்தினவேல் அண்ணை இறங்கி வந்திருந்தாலும் கேட்டிராது..."

சொல்லிவிட்டு விரலை நக்கினார்.

புனிதவதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "பாவம் அந்தாள். பலெர்மோவிலையும் காளான் கறி சாப்பிட்டு மூண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தவராம். பிழைக்கமாட்டார் எண்டு டொக்டர்மாரே சொன்னவையாம்."

"ஆர் சமைச்சது?"

இடியப்பம் பாதி வழியில் நின்றது.

"நான்தான்... எனக்கென்ன காளானைப் பற்றித் தெரியும்?"

"விழா?"

"நிப்பாட்டியாச்சு! பெட்டியளை லண்டனுக்கு அனுப்புறன். பத்து மணிக்குக் கூரியர்காரன் வருவான்."

பிரதீபா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால். பிணத்தைத் தூக்க இன்னும் ஆள் வரவில்லை... புத்தகத்தைத் தூக்க ஆள் சொல்லியாயிற்று!

"எந்தப் பெட்டியள்?"

"கராஜிலை எட்டு இருக்கு," என்றார் இரத்தினவேல். "சென்னையிலை அச்சடிச்சு நேராய் இஞ்சை வந்தது. கராஜ் பூட்டின்ரை திறப்பு என்னட்டை. மேடையிலை முதற் பிரதி குடுக்கும் மட்டும் பிரிக்கிறேல்லைத்தானே... ஆனா றோய்தான், விடிஞ்சதும் ஒரு பெட்டியைப் பிரிப்பம் எண்டு நேற்று நிண்டவர். படங்கள் எப்பிடி வந்திருக்கெண்டு பாக்கவேணுமாம்."

பிரதீபா திறப்பை வாங்கிக்கொண்டு நேரே கராஜுக்கு நடந்தாள். பின்னால் தடதடவென்று அலெக்ஸாண்டரின் காலடி! கணவனும் மனைவியும் அவருக்குப் பின்னால்.

"தங்கச்சி! மேடைக்கு முந்திப் பிரிக்கிறது அபசகுனம்!"

"கீழை கிடக்கிறதை விடவோ அண்ணை?"

கத்தி நாடாவைக் கிழித்தது.

அட்டையில் நீலக் கடல். றோயின் தூரிகை. பிரதீபா பக்கத்தைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் கண் நிலைகுத்தியது. உரக்க வாசித்தாள்.

"'பலெர்மோவில் என் மடியில் உயிர்விட்ட என் நண்பன், ஓவியர் றோயின் நினைவுக்கு...'"

புத்தகத்தை அலெக்ஸாண்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நேற்று உயிரோடை இருந்த மனுசன் பலெர்மோவிலையே உங்கடை மடியிலை செத்திட்டாரோ?"

அலெக்ஸாண்டர் ஓரடி பின்வாங்கினார். புனிதவதி புத்தகத்தை வாங்கி, அடுத்த பக்கத்தில் விரல் வைத்தாள்.

"'பலெர்மோவில் விருந்தாளிக்கு நாற்காலி தருமுன்பே கத்தரிக்காய் தருகிறார்கள்'... இது றோய் தன்ரை கொப்பியிலை எழுதி வைச்ச வசனமெல்லோ! எனக்கு வாசிச்சுக் காட்டினவர்!"

"எல்லாம் அவன்ரைதான்!" அலெக்ஸாண்டர் வெடித்தார். "பத்து வருசமா எனக்கு ஒரு வரி வரேல்லை! அவன் படம் கீறுறவன், அவனுக்கு எதுக்கு எழுத்து? ஆஸ்பத்திரியிலை முடிஞ்சிடுவான் எண்டுதான் அண்டைக்கே புத்தகத்தைச் சென்னைக்கு அச்சுக்கு அனுப்பினனான். எழும்பி வருவான் எண்டு ஆர் கண்டது? அதுக்குள்ளை அச்சடிச்சுப்போட்டாங்கள்!"

"பெட்டி பிரிஞ்சா றோய் அதை வாசிப்பார். அதாலை காளான்லை விட்டதை இன்சுலின்லை முடிச்சு, பழியைச் சோறு போட்ட மனுசனிலை போட்டீங்கள்."

பிரதீபா விலங்கை எடுத்தாள். அலெக்ஸாண்டரின் கையைத் தொடவே அருவருப்பாக இருந்தது. தொட்டுத்தான் மாட்டினாள். சம்பல் இன்னும் விரலில் ஒட்டியிருந்தது.

இரத்தினவேல் ஒரு பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்து விம்மினார். புனிதவதி அவர் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

கார்க் கதவடியில் அலெக்ஸாண்டர் திரும்பினார்.

"தங்கச்சி... விழா நிப்பாட்டினது தெரியாமல் மூண்டு மணிக்குச் சனம் வருமே. என்ன சொல்லுவீங்கள்?"

"இடம் மாறிப்போச்சு எண்டு சொல்லுறன், அண்ணை. வெளியீடு கோர்ட்டிலை... முதற் பிரதி நீதிபதிக்கு!"