விட்டுப்போன வேலைகள்

"எனக்கு அப்புறம் நீங்க எல்லாரும் வேலையைப் பிரிச்சுக்குவீங்க. ஆனா ரெண்டு பேர் வேலைக்கு நடுவுல எப்பவும் ஒரு வேலை விட்டுப்போகும். அதை யாருடி பாப்பாங்க?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த அக்கா கேட்டது அது.

"நீயே பாரு. உன் பொண்ணு கல்யாணம்தானே?"

"பாக்கத்தான் போறேன். இருந்தா இருந்து பாப்பேன், இல்லாட்டி வந்து பாத்துட்டுப் போவேன்." சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். "பயந்துட்டியா? நீயெல்லாம் ஒரு போலீஸ்காரி!"

அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்று, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, அக்கா வீட்டு மாடியறையில் திறந்த மரப்பெட்டிக்கு முன்னால் நின்றபோது அந்தச் சிரிப்புதான் தங்கையின் காதில் கேட்டது. ஊருக்கு அவள் இன்ஸ்பெக்டர். கல்யாணப் பெண்ணுக்குச் சித்தி.

பெட்டியில் இருக்க வேண்டியது அக்காவின் பச்சைப் பட்டுச் சால்வை. அக்கா தன் கல்யாணத்தன்று போர்த்தியது. நாளை மகள் போர்த்த வேண்டியது. உள்ளே இருந்ததோ ஒரு வெள்ளை மேசை விரிப்பு. ஓரம் நான்கும் உள்ளே மறையும்படி மடித்திருந்தது.

"அம்மா மடிப்பு," என்றாள் பெண், உதடு வெளுத்து.

ஜன்னலுக்குக் கம்பி உண்டு. கதவுக்கு ஒரே சாவி. அது நேற்று மாலையிலிருந்து சித்தியின் கழுத்துச் சங்கிலியை விட்டு இறங்கவில்லை.

"அம்மா எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க சித்தி. அவங்களுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கல."

"வாயைக் கழுவு. என்ன பேச்சு இது?"

"அப்ப யாரு எடுத்தான்னு சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் பண்ணி நிறுத்திடுறேன்."

குரல் உயரவே இல்லை. அழுகிற பெண்ணைத் தட்டிக்கொடுக்கலாம். முடிவெடுத்துவிட்ட பெண்ணை என்ன செய்வது?

பெண்ணையும் குறை சொல்ல முடியாது. மூன்று நாளாகவே அந்த வீட்டில் வேலைகள் தானாக நடந்துகொண்டிருந்தன. மாடிப்படி பல்பு பீஸ் போயிருந்தது. மறுநாள் பளிச்சென்று எரிந்தது. விருந்தினர் அறைகளில் கட்டிலுக்குக் கட்டில் தண்ணீர்க் கூஜா வந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு தட்டு, கவிழ்த்து வைக்கப்பட்டு. அக்கா அப்படித்தான் மூடுவாள். மழை வந்த அன்று வாசலில் கிடந்த செருப்புகளெல்லாம் உள்ளே வந்து ஜோடி ஜோடியாகச் சுவரோரம் நின்றன, யாரோ வரிசையில் நிற்பது போல.

சித்தி எல்லோரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டாள். வேலையை அவள் பிரித்துக்கொடுத்ததும் இதே மேசையில்தான், போன ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்குச் சாப்பாடு; கேட்ட கையோடு சமையல்காரரோடு பேசப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அண்ணிக்கு விருந்தினர் அறைகளும் துணிமணியும், "என் பங்கு அவ்வளவுதானே?" என்று எழுந்து போனாள். தம்பிக்கு மண்டபத்து விளக்கும் ஒலிபெருக்கியும். வீட்டில் அவனுக்குப் பெயரே மைக்செட். கடைசியாக வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு பறந்தான். மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்த அத்தானிடம், "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தான், போதும்," என்றாள் சித்தி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு பேச்சே குறைந்துபோன மனிதர். சரி என்று தலையை ஆட்டினார்.

"பல்பு மாத்தினது யாரு?"

"நான் இல்லக்கா," என்றான் மைக்செட். "எனக்கு மண்டபம்தானே குடுத்தே?"

"கூஜா?"

"கட்டில், தலையணை, போர்வை. அதோட என் வேலை முடிஞ்சுது," என்றாள் அண்ணி.

"தண்ணியா? சாப்பாடுதான் என்னுது. கட்டிலுக்குக் கட்டில் தண்ணி வைக்க நான் என்ன ஹோட்டலா நடத்தறேன்?" என்றார் அண்ணன்.

"சால்வையைப் பெட்டியில வச்சது நீங்கதானே அண்ணி?"

"இஸ்திரி போட்டு, வச்சு, மூடி, இதே மேசை மேல விட்டுட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன்." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் சொல்லணும். உன் அண்ணன் சிரிப்பார்னுதான் சொல்லல. நேத்து சாயங்காலம் மண்டபத்துலேருந்து திரும்பி வந்தப்ப பின்கட்டு ரூம்ல பேச்சுக்குரல் கேட்டுது."

பின்கட்டு அறையில் அக்காவின் தையல் மெஷின் இருந்தது. இரண்டு வருஷமாக யாரும் திறக்காத அறை.

"என்ன குரல்?"

"ஆணா பொண்ணான்னே தெரியல. ரொம்ப மெதுவா. 'இதோ முடிஞ்சுது... இதோ முடிஞ்சுது'ன்னு. யாரையோ சமாதானம் பண்ற மாதிரி. கதவைத் திறக்காமலே ஓடி வந்துட்டேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்கட்டுப் பக்கம் பார்த்தார்.

அப்போது அத்தான் உள்ளே வந்தார். பேச்சு பட்டென்று நின்றது. "நாளைக்கு மழை வராதுன்னு சொல்றாங்க," என்றான் மைக்செட், யாரும் கேட்காமலே. மண்டபத்திலிருந்து வந்த பிளாஸ்கைச் சாய்த்து அத்தான் தேநீர் ஊற்றிக்கொண்டார். இரண்டு விரல் நுனியில் பிளாஸ்திரி.

"கையில என்ன அத்தான்?"

"காய் நறுக்கினேன்மா." டம்ளரோடு போய்விட்டார்.

"அவர் காதுல சால்வை விஷயம் விழவே கூடாது. தாங்க மாட்டார்," என்று கிசுகிசுத்தாள் அண்ணி.

சித்தி அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மாலை நான்கு மணிக்கு மறுபடியும் எல்லோரையும் அதே மேசைக்கு வரச் சொன்னாள். இந்தத் தடவை பெண்ணையும். அத்தானையும்.

"அவர் எதுக்கு?" என்று அண்ணன் கண்ணால் கேட்டார். சித்தி கண்டுகொள்ளவில்லை.

"பூட்டின ரூம்லேருந்து எதுவும் காணாமப் போகல," என்று ஆரம்பித்தாள். "அண்ணி பெட்டியை மேசை மேல வச்சுட்டுப் போனாங்க. நான் ஒரு மணி நேரம் கழிச்சு வந்து, தூக்கிட்டுப் போய்ப் பூட்டினேன். திறந்து பாக்கல. வைக்கிறது அண்ணி வேலை, பூட்டறது என் வேலை. பாக்கறது யார் வேலையும் இல்ல. நான் ராத்திரி முழுக்கக் கழுத்துல சாவி போட்டுக் காவல் காத்தது ஒரு மேசை விரிப்பை."

மைக்செட் களுக்கென்று சிரித்து, அண்ணன் முறைத்ததும் நிறுத்தினான்.

"பல்பு, கூஜா, செருப்பு எல்லாமே அப்படித்தான். ஒருத்தர் பங்குக்கும் இன்னொருத்தர் பங்குக்கும் நடுவுல விழுந்த வேலை. உங்க மூணு பேருக்கும் அவங்கவங்க பங்குதான் தெரியும். கேட்டதும் எழுந்து போயிட்டீங்க. எது விட்டுப்போச்சுன்னு தெரியணும்னா மொத்தப் பங்கையும் கேட்டிருக்கணும். கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டது ரெண்டே பேர். ஒண்ணு நான். நான் எதுவும் செய்யல, அது எனக்கே தெரியும். இன்னொருத்தருக்கு நான் வேலையே குடுக்கல. வேலை இல்லாதவரை யாரும் சந்தேகப்படல. நானும்தான்."

எல்லோர் கண்களும் மேசைக் கோடிக்குப் போயின.

"இந்த வீட்டு அடுப்பு எரிஞ்சு மூணு நாளாச்சு அத்தான். எல்லாம் மண்டபத்துலேருந்து வருது. நறுக்கக் காய் ஏது? அது ஊசி குத்தின விரல். நேத்துப் பின்கட்டுல அண்ணிக்குக் கேட்ட பேச்சுக்குரலும் உங்களுதுதான்." அவள் குரல் இளகியது. "சால்வை எங்கே?"

அத்தான் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகமாகப் பார்த்தார். அதில் பயம் இல்லை, புரியாமைதான் இருந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் பச்சைப் பட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஓரம் ஒரு முழத்துக்குப் பிரிஞ்சிருந்தது. இஸ்திரி போட்ட அவசரத்துல உன் அண்ணி பாக்கல. தைக்கிறதை யாருக்கும் நீ சொல்லல. அவ இருந்தா முதல்ல அதைத்தான் பாத்திருப்பா. சாயங்காலத்துக்குள்ள தச்சு வச்சுடலாம்னு நினைச்சேன். அதுவரைக்கும் பெட்டி காலியா இருக்க வேண்டாம்னு மேசை விரிப்பை அவ மடிக்கிற மாதிரி மடிச்சு வச்சேன். கிரேன் பிடிச்ச கைக்கு ஊசி அகப்படவே மாட்டேங்குது. முடிச்சுட்டு வந்தா, பெட்டியை மாடியில பூட்டிட்டீங்க."

"சாவி கேட்டிருக்கலாமே அத்தான்?"

"கேட்டா ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லியிருப்பே."

பெண் சால்வையை வாங்கி ஓரத்தைத் தடவினாள். தையல் கோணல்மாணலாக ஓடியது. சில இடத்தில் நூல் முடிச்சு விழுந்து புடைத்திருந்தது. "உள்ள யார்கூடப்பா பேசிக்கிட்டிருந்தீங்க?"

"உங்கம்மாகிட்டத்தான். சீக்கிரம் முடின்னு அவசரப்படுத்துவாளே."

பெண் சால்வையை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். "நான் கல்யாணத்தை நிறுத்தறதா இருந்தேன்பா. அம்மாதான் வேண்டாம்னு எடுத்துக்கிட்டாங்கன்னு..."

"என்னது?" அத்தான் திகைத்துப்போனார். "காலையிலேருந்தா? இந்த வீட்டுல இவ்வளவு நடந்திருக்கு, என்கிட்ட ஒருத்தர் சொல்லலையே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கொண்டுவந்து குடுத்திருப்பேனே!"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் மாமா..." மைக்செட் தரையைப் பார்த்தான்.

அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷமாக எதையும் யாரிடமும் கேட்காத மனிதர்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றார். "அவளைப் பத்திப் பேசும்போது நான் வந்தா நிறுத்தாதீங்க. என்னையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் பேசுங்க."