செவலையின் ஏப்பம்

பால் கறப்பதற்கு முன் மாட்டின் மூக்கில் மூச்சுமானி வைத்துப் பார்ப்பது கரிசல் ஊர்களில் வழக்கமாகி இருபது வருஷம் ஆகிறது. மாடு ஏப்பம் விட்டால் மீத்தேன் வருகிறது, மீத்தேன் சேர்ந்தால் வானம் கொதிக்கிறது. ஆகவே ஏப்பத்துக்கும் சட்டம் வந்துவிட்டது. அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரியும். வார அளவீட்டில் மூன்று சிவப்பு விழுந்த மாட்டை வண்டி வந்து ஏற்றிப்போகும். போன மாடு திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

தங்கபுஷ்பத்தின் செவலைக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு. வீட்டில் அவளையும் அந்த மாட்டையும் விட்டால் மூச்சுவிட வேறு ஆள் கிடையாது. அதனால்தான் ஏப்பத்தைக் குறைக்கும் செம்பாசித் தீவனத்தின் புதிய வீரியக் கலவையை ஊரில் முதல் ஆளாகக் கேட்டு வாங்கினாள். மூன்றாம் நாளே பச்சை எரிந்தது. தொழுவமெல்லாம் கடல் வாடை அடித்தது. பச்சைக்காக அதையும் பொறுத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலை கால்நடை மருத்துவர் பெனிட்டா அளவீட்டுக்கு வந்தாள். பச்சையைப் பார்த்துத் தலையாட்டியவள், மாட்டின் இடப்பக்க வயிற்றில் கைவைத்ததும் நின்றுவிட்டாள். வயிறு உள்ளே குழிந்து கிடந்தது.

"சாணி எப்படிப் போடுது அக்கா?"

"கொஞ்சந்தான். பாலும் கொறஞ்சிருக்கு."

"தொட்டி காலியாகுதா?"

தங்கபுஷ்பம் குப்பைக்குழியைத் திரும்பிப் பார்த்தாள். மெதுவாகத் தின்னும், மெதுவாகத் தின்னும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, தினமும் மிச்சத்தைக் குப்பைக்குழியில் கொட்டியவள் அவள்தானே.

"வெளக்கையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் டாக்டரம்மா. அதோட வயித்தப் பாக்கல. பாவி நான்."

"பாசி நல்லதுதான். இதுல வீரியம் கூடிப்போச்சு, மாடு வாயே வைக்கல. பட்டினி கெடக்கிற மாடு எப்படி ஏப்பம் விடும்?" பெனிட்டா குரலைத் தாழ்த்தினாள். "இப்பவே பச்சைன்னு பதிஞ்சிடுறேன். அப்புறம் வைக்கோல் போடுங்க. இந்த வாரம் செவலை தப்பிச்சிரும்."

"அப்ப இந்தக் கலவை?"

"முதல் சோதனை உங்க மாடுதான். பச்சை பதிஞ்சா திங்கக்கிழமை ஊர் மாட்டுக்கெல்லாம் இதுதான் வரும், சிவப்புன்னா நின்னுபோகும். வேண்டாம்னு நான் எழுதலாம். மேல இருக்கவங்க விளக்கைத்தான் பாப்பாங்க, எழுத்தைப் படிக்க மாட்டாங்க."

ஊரில் நானூறு மாடு. எதிர்வீட்டு மாடு நிறைசினை. தங்கபுஷ்பம் செவலையின் தாடையைத் தடவினாள். பிறகு படப்பிலிருந்து வைக்கோலை உருவிவந்து மாட்டின் முன்னால் போட்டாள்.

"ரெண்டு மணி நேரம் பொறுங்க. தின்னப்புறம் அளங்க."

காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி செவலை தின்றது. தின்று, படுத்து, அசைபோட்டு, நிறைவாக ஓர் ஏப்பம் விட்டது. விளக்கு சிவந்தது. பெனிட்டாவின் விரல் பதிவுப் பொத்தானுக்குப் போகவில்லை.

"பதிங்க டாக்டரம்மா," என்று தங்கபுஷ்பமே அவள் கையைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அழுத்தினாள்.

அழுகையை அடக்க அவள் முயலவில்லை. அழுதபடியே இன்னொரு கட்டு வைக்கோல் உருவப் போனாள். வண்டி வரச் சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் செவலை தின்னட்டும்.