ஈரநாவின் சாட்சி

சதுப்பு நிலம் சாட்சி சொல்கிறது என்றதும் அன்று இயற்கை மன்றத்தில் நிற்கக்கூட இடமில்லை.

சங்குக்குடா நகரில் ஆறும் குன்றும் வழக்காடுவது இப்போது புதிதல்ல. சேற்றில் நட்ட உணர்கழிகள் நீர்மட்டத்தையும் உப்பையும் நண்டுகளின் நடமாட்டத்தையும் அளந்து அனுப்பும்; ஈரநாவு என்ற கருவி அவற்றைப் பேச்சாக்கும். ஆனால் தன் உடம்பு எதுவரை என்பதை அதற்கு ஒரு மனிதர் கற்றுக்கொடுத்தாக வேண்டும். குடாவின் சதுப்புக்குக் கற்றுக்கொடுத்தவள் ரெஜினா.

"மழை பெஞ்சா வருஷா வருஷம் தண்ணி எங்க திரும்பி வருதோ, அதெல்லாம் நீதான்" என்று பாடம் சொன்னாள். கூடவே, தன்னைப் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவும் பழக்கினாள். அவள் ஒண்டிக்கட்டை. அந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் வேறு யாரும் இல்லை.

குடாவை மண்ணடித்துக் கண்ணாடிக் கோபுரங்கள் எழுப்ப ஒரு நிறுவனம் காத்திருந்தது. நீதிபதி சதுப்பிடம், "உங்க எல்லை எதுவரைக்கும்?" என்று கேட்டார்.

சுவரிலிருந்த வரைபடத்தில் நீலம் பரவத் தொடங்கியது. அலையாத்திக் காட்டை நிறைத்தது, உப்பளத்தைக் கடந்தது, பேருந்து நிலையத்தையும் விழுங்கி அலைவாய் நகரில் போய் நின்றது. அது ரெஜினா குடியிருக்கும் தெரு.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் வீட்டுக்குள் ஏறும் தண்ணீரை மோட்டார் போட்டு இறைப்பார்கள். தையில் சுவர்க் கறைக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசற்படியை ஒரு கல் உயர்த்துவார்கள். தப்பு தண்ணீர் மேல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. ரெஜினாவும் அப்படித்தான் இறைத்துவிட்டு, ஈரப் புடவையோடு குடாவைக் காப்பாற்றப் போராட்டத்துக்குப் போவாள்.

நிறுவனத்தின் வக்கீல் குமரகுரு சிரித்துக்கொண்டே அருகில் வந்தார். "அம்மா, உங்க வீடும்தான் போகுது. பாடம் சொன்னவங்க நீங்க. 'ஆள் குடியிருக்கிற இடம் நீங்கலா'ன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. எல்லாருக்கும் நல்லது."

சேர்த்தால் நாளைக்கே நிறுவனத்தார் அலையாத்திக்குள் நாலு கொட்டகை போட்டு ஆளைக் குடிவைத்து, அதையும் நீங்கலாக்கிவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

"பாடத்துல ஏதாவது திருத்தம் இருக்கா?" என்றார் நீதிபதி.

ரெஜினா எழுந்து நின்றாள். "இல்லைங்க ஐயா."

நீலம் முழுவதும் சதுப்புக்கே சொந்தம், அதற்குள் இனி மனிதர் யாரும் குடியிருக்கக் கூடாது என்று தீர்ப்பானது. குடா பிழைத்தது. திரும்பும் பேருந்தில் தெருக்காரர்கள் ஒருவரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. மாடிவீட்டு சுபைதா மட்டும் இறங்கும்போது, "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அக்கா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து, அங்கே வைத்திருந்த ஈரநாவுக் கருவியின் முன் உட்கார்ந்தாள். அழுகை வந்தது.

"உனக்காகத்தானே எல்லாம் செஞ்சேன். நான் இனி எங்க போவேன்?"

ஈரநாவு பேசியது:

"இந்த வீட்டுக்காக என் மேல மண்ணைக் கொட்டினப்ப நானும் இதையேதான் கேட்டேன். அப்ப எனக்கு நாக்கு இல்ல."

ரெஜினாவின் கண் சுவர்க் கறைக்குப் போனது. பழகிய பழக்கத்தில் ஈரநாவு கேட்டது: "சாப்பிட்டாச்சா?"