ஏழாம் அறையின் மணி

அழைப்பு மணிப்பலகையில் ஏழாம் அறையின் விளக்கு மினுங்கியது. அரை நொடிதான். சுவரில் ஈரம் இறங்குகிறதென்று அந்த அறையைப் பூட்டி மூன்று மாதமாகிறது.

முதியோர் இல்லத்தின் கம்ப்யூட்டர்களையும் அவற்றால் இயங்கும் அழைப்பு மணிகளையும் கவனிக்கிறவள் அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போலத் திரும்பியும் கொண்டாள். மதிய வெயில் ஜன்னல் வழியே தாழ்வாரத்தில் நீளமாகக் கிடந்தது. மருந்து நெடிக்கும் வெந்நீரில் துவைத்த போர்வைகளின் வாசனைக்கும் நடுவே முகப்பவுடர் மணம் ஒன்று லேசாக வந்து போனது.

"என்னம்மா கம்ப்யூட்டர்காரி," மணிப்பலகைக்குக் கீழே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி தலைமை நர்ஸ் கேட்டாள். "புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் முழுசா முடிஞ்சு வந்து ஒரு மாசமாச்சாமே. எப்பதான் ஏத்தப் போற? நல்ல நேரம் பாக்குறியா?"

"இல்லக்கா... கொஞ்சம் பொறுத்து..."

"அரைவேக்காட்டு டெவலப்மெண்ட் வெர்ஷன மட்டும் மூணு மாசம் முன்னாடி ஓடி வந்து ஏத்தின. அந்த அவசரம் எங்க போச்சு?"

சுருக்கென்று தைத்தது. அது அவசரமில்லை, பெருமை. வேறெங்கும் வருவதற்குள் அது தன் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும் என்ற வீண் பெருமை. அன்றும் இப்படித்தான், மணிகள் ஓய்ந்திருக்கும் சாப்பாட்டு வேளையில் ஏற்றினாள். அறை அறையாகப் போய்க் கட்டிலோர மணியை அழுத்திப் பார்த்தாள். ஆறு அறைகளும் சரி. ஏழில், எப்போதும் முகப்பவுடர் மணக்கும் டீச்சரம்மா தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், எழுப்புவானேன் என்று கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, "எல்லாம் பாத்துட்டேன்க்கா" என்றாள்.

சாயங்காலம் முதலில் உள்ளே போனவளும் அவள்தான். டீச்சரம்மாவின் கட்டைவிரல் மணிப்பொத்தானின் மேல் விறைத்திருந்தது. பலகையில் விளக்கு எரியவே இல்லை. நர்ஸ் வருவதற்குள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மெதுவாக. சத்தமில்லாமல்.

"தூக்கத்துலயே போயிட்டாங்க, புண்ணியவதி" என்று நர்ஸ் கண்ணைத் துடைத்தபோது, அவளும் துடைத்துக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"இன்னைக்கே போட்டுடு. மேலிடத்துல கேக்குறாங்க" என்றாள் நர்ஸ்.

போட்டாள். கோடு நகர்ந்தது. திரை இருண்டு மறுபடி வெளுத்தது. ஆறு அறைகளின் மணிகளையும் அழுத்திப் பார்த்தாள். ஆறும் எரிந்தன. ஏழின் சாவி கையில் சில்லிட்டது. கதவின் சின்னக் கண்ணாடி வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்க்கா."

அதே சொல். அதே குரல்.

உள்ளே, டக்.

பொத்தானை அழுத்தும் ஓசை. பலகையைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு இருட்டு. டக். டக். டக்.

"அக்கா..."

"என்னம்மா?"

இப்போதாவது சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லக்கா."

பூட்டைத் திறந்தாள். வெறுங்கட்டில். மடிப்புக் கலையாத விரிப்பு. தலையணையில் மட்டும் ஒரு குழிவு. பவுடர் மணம் மூச்சை அடைத்தது. மணியின் ஒயர், யாரோ பிடித்திருப்பதுபோல விறைப்பாக நின்றது. பிடுங்கி எறியக் கை நீட்டினாள்.

பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தூங்குகிறவரை எழுப்பாமல் சாத்துவதுபோல.

கால்கள் மடங்கின. கட்டிலில் விழுந்தாள். எழ முடியவில்லை. கையில் மணி இருந்தது.

அழுத்தினாள்.

கண்ணாடிக்கு அப்பால் பலகை தெரிந்தது. அதன் கீழே நர்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அழுத்தினாள். ஏழு எரியவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். மூன்று மாதமாக உண்மையைச் சொல்லத் திறக்காத வாய். குரல் வரவில்லை.

அழுத்தினாள். நர்ஸ் டப்பாவை மூடினாள். எழுந்து கை கழுவப் போனாள்.

அப்போது, மணியை அழுத்திக்கொண்டிருந்த கட்டைவிரலின் மேல் ஈரமான, சில்லென்ற ஏதோ ஒன்று படிந்தது. விரலைப் பொத்தானிலிருந்து தூக்கியது. பிறகு அடுத்த விரல். அதற்கடுத்தது.

மெதுவாக. சத்தமில்லாமல்.