சாம்பல் நிறத்தாள்

வளையத்தின் பதிவை ஜெசிந்தா மூன்றாவது முறையாகப் பார்த்தாள். நேற்று மாலை நான்கே காலிலிருந்து ஐந்தரை வரை சாம்பல் நிறம். ஒன்றேகால் மணி நேரம் அவள் உடம்பில் யாரோ இருந்திருக்கிறார்கள். அது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று பேர் என்றால் பிரச்சினையே இல்லை. தூத்துக்குடியில் அவளைப் போல ஒரே உடம்பில் பல பேராகக் குடித்தனம் செய்கிறவர்கள் நூறு பேருக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள். சின்ன வயதில் தாங்க முடியாததைத் தாங்க வேண்டி வந்தால் சில பிள்ளைகளின் மனம் தன்னையே கூறு போட்டுக்கொள்ளும். கூறுக்கு ஒரு ஆள் வளரும். முன்பெல்லாம் பேய் என்றார்கள், கொஞ்சம் படித்தவர்கள் நடிப்பு என்றார்கள். ஆள்காட்டி வளையம் வந்ததும் இருவர் வாயும் அடைத்துப்போயிற்று. மணிக்கட்டில் மாட்டினால் போதும். நாடி, தோலின் ஈரம், மூளையலை எல்லாவற்றையும் படித்து, இப்போது முன்னால் நிற்பது யார் என்று நிறத்தில் சொல்லிவிடும்.

பச்சை என்றால் ஜெசிந்தா. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்பு அறைப் பொறுப்பாளர். சிவப்பு என்றால் ஸ்டெல்லா. வாய்த்துடுக்குக்காரி, ஆனால் அவள் வைக்கிற மீன்குழம்புக்குத் தெருவே மூக்கை நீட்டும். மஞ்சள் என்றால் குட்டி. அவளுக்கு ஆறு வயது, முப்பது வருடமாக ஆறு வயதுதான். ஒருத்தி செய்தது மற்றவளுக்கு நினைவிருக்காது என்பதால் அடுக்களை ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். ‘பால் காய்ச்சியாச்சு.’ ‘ரெபிக்குப் பேன் பாத்தாச்சு.’ ‘யாருடி என் சீப்பை எடுத்தது?’ இப்படியே பதினான்கு வருடம் வண்டி ஓடியிருந்தது.

நாலாவது நிறம் வந்ததுதான் வினை. பதிவில்லாத ஆள் உடம்பில் இருந்தால் அந்த வீட்டில் பிள்ளை இருக்கக் கூடாது, விடுதிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். ரெபிக்குப் பதினோரு வயது. தகப்பன் இல்லை. ‘மூணு பேரு சேந்து ஒரு பிள்ளைய வளக்குற லட்சணமா இது’ என்று தகப்பனின் அக்கா போட்ட மனு எட்டு நாளில் விசாரணைக்கு வருகிறது. இந்த நேரம் பார்த்தா ஒருத்தி புதிதாக முளைக்க வேண்டும்?

ஸ்டெல்லாவின் மேல்தான் முதலில் சந்தேகம் போனது. ‘சாம்பல் நிறத்தில் வருவது யார்? மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்’ என்று ஜெசிந்தா நோட்டில் எழுதிவைத்தாள்.

மறுநாள் காலை அரைப் பக்கத்துக்கு ஸ்டெல்லாவின் கையெழுத்து நெளிந்து கிடந்தது. ‘ஒளிஞ்சு ஒளிஞ்சு வர நான் என்ன திருடியா? வந்தா நெஞ்ச நிமித்திக்கிட்டு வருவேன். என்னைச் சந்தேகப்பட்டே, இனி உனக்குக் குழம்பு கிடையாது.’ அதற்குக் கீழே குட்டி மெழுகுப் பென்சிலால் ஒரு பொம்பளையை வரைந்திருந்தாள். பக்கத்தில் கோணல் எழுத்தில், ‘இந்த அக்கா வளையத்த மட்டும் பாப்பா. என்னயப் பாக்க மாட்டா.’

அதற்கும் கீழே, அச்சடித்ததுபோல ஒரு வரி. ‘அனைத்தும் ஒழுங்காக உள்ளன. கவலை தேவையில்லை.’

ஜெசிந்தா நோட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்த எழுத்தை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருந்த மகளைப் பிடித்து நிறுத்தினாள். “ஏட்டி ரெபி, முந்தாநாள் சாயங்காலம் உன்கூட இருந்தது யாரு?”

“தெரியலம்மா. நல்லாத்தான் பேசுனாவ. கணக்கு சொல்லித் தந்தாவ. தலை சீவட்டுமான்னு கேட்டுட்டுச் சீவுனாவ. வலிக்கவே இல்ல.”

“அப்புறம் ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க?”

ரெபி முழங்கால் காயத்தைத் தடவினாள். “வாசல்ல விழுந்துட்டேன்லா, அப்ப முதல்ல வளையத்தத்தான் பாத்தாவ. அதுக்கப்புறம்தான் என்னையத் தூக்குனாவ.”

பிள்ளை போன பிறகு ஜெசிந்தா வீட்டையே குடைந்தாள். நாத்தனார் யாரையாவது வைத்து வளையத்தைக் கெடுத்துவிட்டாளோ? வளையம் செய்கிற கம்பெனியே எவளையாவது உள்ளே அனுப்புகிறதோ? ரெபி எதையாவது மறைக்கிறாளோ? சீ, பெற்ற பிள்ளையையா சந்தேகப்படுவது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாளே தவிர சந்தேகம் போகவில்லை.

சாயங்காலம் ஆலையில் வேலை ஓய்ந்த நேரம், மூன்று மாதப் பதிவையும் இறக்கி உட்கார்ந்து படித்தாள். சாம்பல் முதன்முதலில் எரிந்தது நாத்தனாரின் மனு வந்த அன்று, வெறும் இரண்டு நிமிடம். பிறகு ஐந்து, இருபது, நாற்பது என்று ஏறியிருந்தது. பதிவின் ஓரத்தில் இன்னொரு பத்தி இருந்தது. மனுவை விசாரிக்கும் குழந்தைகள் நல அலுவலகம் எந்த நேரத்தில் வளையத்தைத் திறந்து பார்த்தது என்ற விவரம். பார்க்கும்போது வளையம் லேசாக அதிரும். முந்தாநாள் அலுவலகம் பார்த்த நேரம் நான்கே காலிலிருந்து ஐந்தரை வரை.

மற்ற நாட்களையும் ஒத்துப்பார்த்தாள். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அவர்கள் பார்க்கும்போது அவள் வருகிறாள், பார்வையை எடுத்தால் போய்விடுகிறாள்.

“ரூபன் அண்ணே, கையக் காட்டுங்க” என்றாள். ரூபன் பக்கத்து மேசைக்காரர், ஐம்பத்தைந்து வயது, ஒரே உடம்பில் ஒரே ஆள். பாதுகாப்புக்கு என்று ஆலை போன வருடம் எல்லோருக்குமே வளையத்தை மாட்டிவிட்டிருந்தது. மேற்பார்வையாளர் அறையிலிருந்து பார்க்கிற நேரம் அது. அவர் மணிக்கட்டிலும் சாம்பல்தான் எரிந்தது.

“இது என்னண்ணே, உங்க நிறம் ஊதால்லா?”

“வணக்கம். வேலை திட்டப்படி நடக்கிறது” என்றார் ரூபன். ஏழு வருடமாக அவளை ‘யம்மாடி’ என்றே கூப்பிட்ட மனுஷன்!

இரண்டு நிமிடம் கழித்து ஊதா வந்தது. அவர் கண்ணைக் கசக்கினார். “யம்மாடி, என்ன கேட்ட? இங்க வந்தாலே இப்படி ஆயிருதும்மா. வீட்டுக்குப் போனா சரியாயிரும்.” கொஞ்சம் யோசித்தார். “சரியாயிட்டிருந்துச்சு.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. யாரும் எவளையும் அனுப்பவில்லை. அடி தாங்க ஸ்டெல்லா பிறந்தாள், அழ குட்டி பிறந்தாள். அதேபோல ஓயாத பார்வையைத் தாங்க இவள் பிறந்திருக்கிறாள். வளையம் பெற்ற பிள்ளை! யார் கையில் மாட்டினாலும் பெறும் போலிருக்கிறது. ஜெசிந்தாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இதை விசாரணையில் சொன்னால் போதும், வளையத்தைக் கழற்றிவிடுவார்கள், அவளும் போய்விடுவாள், ரெபி வீட்டில் இருப்பாள். நோட்டில் ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். மறுநாள் அடுப்பில் குழம்பு இருந்தது.

செவ்வாய்க்கிழமை விசாரணை. அதிகாரி பாக்கியநாதன் சாந்தமான முகத்துடன் உயரமான மேசைக்குப் பின்னால் இருந்தார். சுவரிலிருந்த பெரிய திரையில் அவள் வளையத்தின் நிறம் எல்லோரும் பார்க்கும்படி ஒளிர்ந்தது. பச்சை. ரெபி பக்கத்தில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லுங்கள் அம்மா” என்றார் அதிகாரி.

“ஐயா, நாலாவது ஆளு வெளிய இருந்து வந்தவ இல்ல. நீங்க பாக்குறதுனாலதான் அவ...” என்று ஜெசிந்தா ஆரம்பித்தாள். அதிகாரி தன் மேசையிலிருந்தே வளையத்தைத் திறந்தார், மணிக்கட்டில் லேசான அதிர்வு.

அடுத்து அவள் கண்டது, கையில் ஒரு தாள். நாத்தனாரின் நாற்காலி காலியாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. அதிகாரி புன்னகையுடன் கோப்பை மூடிக்கொண்டிருந்தார்.

“மிகத் தெளிவாகப் பேசினீர்கள். இவ்வளவு நிதானமான ஒருவரை இந்த அறையில் நான் பார்த்ததில்லை” என்றார்.

தாளைப் படித்தாள். நாத்தனாரின் மனு தள்ளுபடி. பிள்ளை அதே வீட்டிலேயே இருக்கலாம். நால்வரில் கோபமோ அழுகையோ மறதியோ இல்லாத ஒரே ஆள் சாம்பல் நிறத்தவர் என்பதால் உடம்பின் உரிமையாளராகவும் பிள்ளையின் காப்பாளராகவும் அவரே பதிவு செய்யப்படுகிறார். பச்சை, சிவப்பு, மஞ்சள் ஆகிய மூவரும் விருந்தினர்கள். வாரம் ஒருமுறை, ஞாயிறு மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அவர்கள் பிள்ளையைப் பார்க்கலாம். மற்ற நேரத்தில் அந்த நிறங்கள் பிள்ளையின் அருகே தெரிந்தால் பிள்ளை விடுதிக்குப் போகும்.

“ஐயா, நான்தானய்யா பெத்தவ! இவளுக்குப் பால் குடுத்தவ நான்!” அவள் குரல் உடைந்தது. திரையில் பச்சை துடித்தது.

“பாருங்கள், இப்படி உணர்ச்சிவசப்படுவதுதான் சிக்கல்” என்றார் அதிகாரி கனிவாக.

ரெபி மேசையருகே போய் எட்டிப் பார்த்தாள். “சார், எனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாப்பாவ?”

“உன் காப்பாளர் உரிய மருந்தை உரிய நேரத்தில் தருவார், பாப்பா.”

“நான் அழுதா?”

அதிகாரி மூடிய கோப்பைத் திறந்து பக்கங்களைப் புரட்டினார். எழுத்தர் அடுத்த மனுவைக் கூப்பிட்டார். “மனுதாரர் எஸ்தர். எதிர்மனுதாரர் பாக்கியநாதன்.”

அதிகாரி எழுந்தார். மேசையைச் சுற்றி இறங்கிவந்து எதிர்மனுதாரர் நிற்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக நின்றார். அவர் நாற்காலியில் வேறொரு அதிகாரி வந்து உட்கார்ந்தார். திரையில் நிறம் மாறியது. மேலே பெயரும் பாக்கியநாதன் என்று மாறியதைக் கவனிக்காமல், ஒரு நொடி ஜெசிந்தா அது தன் நிறம் என்றே நினைத்தாள். நிறம் சாம்பல்.

அவர் மனைவி எஸ்தர் நரைத்த தலையோடு முன்னால் வந்தாள். “ஐயா, அரசாங்க ஆளுக எல்லாருக்கும் வளையம்னு சொன்ன நாள்ல இருந்து, வீட்டுலயும் இவிய இப்படித்தான். ஏழு மாசமாச்சு. எனக்கு ரெண்டு மணி நேரம்கூட வேண்டாம். வாரத்துல அரை மணி நேரம், பழைய மனுஷன் வந்து என்கூடச் சண்டை போட்டாப் போதும்.”

பாக்கியநாதன் அவள் சொன்னதை மரியாதையோடு கேட்டுக்கொண்டார். “கோரிக்கை நியாயமானது. எனக்கு ஆட்சேபம் இல்லை” என்றார். “ஆனால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.”

ஜெசிந்தா ரெபியின் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.