சுவருக்கும் குழாய்க்கும் நடுவே

"இந்தக் கமோடு இங்க உக்காராதுங்க."

மழையில் பாதி நனைந்து வந்த பிளம்பர், குளியலறைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் சொன்னது இது. அவளுக்குச் சுருக்கென்றது. ஆரம்பிச்சுட்டான்! இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பொய்க் கிளைம்களைப் பிடிப்பதுதான் அவள் உத்தியோகம். பகலெல்லாம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குபவள், வீட்டுக்கு வந்ததும் நம்பிவிடுவாளா என்ன?

"ஏன் உக்காராது? ஒன்பது இன்ச்னு அளந்துதானே வாங்கினோம்?"

"யார் அளந்தது?"

"நான்தான்!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமையோரம் மழைத்துளி ஒட்டிய, குறும்பாய்ச் சிரிக்கிற கண்கள்... இப்படிப்பட்ட கண்களை வைத்துக்கொண்டுதான் ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டினாள்.

"வேற வாங்கணும்பீங்க. கடையும் நீங்களே காட்டுவீங்க. அங்க உங்களுக்குக் கமிஷன்... அதானே?"

சிரிப்பு அணைந்துவிட்டது. அளவு டேப்பை அவள் கையில் வைத்தான்.

அவளே குனிந்து அளந்தாள். தரையில் வாய் திறந்திருந்த பழைய கழிவுக் குழாயின் நடுவிலிருந்து சுவர் வரை... எட்டு. மறுபடியும் அளந்தாள். எட்டேதான்.

"டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி, வெறும் சுவர்ல இருந்து அளந்திருக்கீங்க. கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒரு இன்ச்சை முழுங்கிடுச்சு."

தப்பு அவளுடையது. மன்னிப்புக் கேட்கலாம்தான்... வாய் வரவேண்டுமே! போதாததற்கு நாளும் இல்லை. மூட்டு ஆபரேஷன் முடிந்து அப்பா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறார். குந்தி உட்காரவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்று செவ்வாய்.

"அப்பா வெள்ளிக்கிழமை வர்றார்... தரையை உடைக்கணுமா?" குரல் தானாக இறங்கியது.

"உடைக்க வேணாம். கமோடும் மாத்த வேணாம். வாய் கொஞ்சம் தள்ளி இருக்கிற கனெக்டர் ஒண்ணு கிடைக்கும். நாளைக்குக் கொண்டு வர்றேன்."

நாளைக்கா? ஆள் கம்பி நீட்டிவிட்டால்?

புதன்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தான். அவள் குளியலறை வாசலில் நின்று ஒவ்வொரு ஸ்குரூவையும் கண்காணித்தாள். கமோடு அசையாமல் அமர்ந்தது.

"தள்ளி வெச்சா அடைச்சுக்காதா?"

காகிதத்தைச் சுருட்டிப் போட்டுத் தண்ணீரைத் திறந்தான். சர்ரென்று போயிற்று.

"இன்னொரு தடவை."

நான்கு தடவை காட்டினான். ஐந்தாவதற்கு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அவள் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழன் காலையில் கசிவு பார்க்க வந்தான். சாயங்காலமும் கசிவு பார்க்க வந்தான். எதற்கு இந்த நடை? இவன் போக்கே சரியில்லையே... ஆனால் மணி அடிக்குமுன்பே தன் கால்கள் ஏன் வாசலுக்குப் போகின்றன? அதுவும் சந்தேகத்துக்குரியதாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். பத்து நாளாக நர்ஸின் தோளைப் பிடித்தே போய்வந்தவர், வாக்கரை ஊன்றிக்கொண்டு குளியலறைக்குள் போய், கதவைத் தானே சாத்திக்கொண்டார். "ஒருத்தரும் வர வேணாம்மா, நானே பார்த்துக்கிறேன்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் மணி அடித்தது.

"கசிவு..." என்று இழுத்தான் அவன்.

"நேத்தே ரெண்டு தடவை பார்த்தாச்சு. சொட்டுக்கூட இல்ல. உண்மையைச் சொல்லுங்க, எத்தனை தடவை பார்க்கணும்?"

"ஒரு தடவை போதும்ங்க..."

"அப்போ மத்ததெல்லாம்?"

"பொய்." தலை குனிந்தது. "உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்."

மூன்று நாளாகத் தொண்டையில் நின்றதை அவள் இறக்கி வைத்தாள். "கமிஷன்னு சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க... நேத்து சாயங்காலம் வந்தப்பவே பொய்னு தெரியும்."

"தெரிஞ்சுமா கதவைத் திறந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான்," என்றாள். "நாளைக்கும் வாங்க... பொய் சொல்லாம வாங்க."