கோழி ஏற்காது

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழில், ஒரு பிள்ளையோடு படுத்தவர்கள் மறுநாள் இரண்டு பிள்ளைகளோடு எழுந்திருப்பது சகஜம். எழுந்ததும் இரண்டு பேருக்கும் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் நினைவுமணி அதற்குள் தன் காரியத்தை முடித்திருக்கும். வந்த குழந்தை அந்த வீட்டிலேயே பிறந்ததாகப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும், ஏன், அந்தக் குழந்தைக்குமே ஞாபகம் இருக்கும். நினைவுமணிக்கு ஏற்றத்தான் தெரியும். ஏற்றியதை எடுக்கத் தெரியாது.

காற்று கசிந்து கைவிடப்படும் குமிழ்களிலிருந்து தனியாக வந்து சேரும் குழந்தைகளுக்கான இந்த ஏற்பாட்டுக்கு அடைசேர்ப்பு என்று பெயர். யோசனை கோழிப்பிரிவிலிருந்து வந்தது. பொரிப்பானில் பிறந்த குஞ்சுகளை விளக்கணைத்து அடைகோழியின் அடியில் செருகிவிட்டால், வெளிச்சம் வந்ததும் அது எல்லாவற்றையும் தன்னுடையதாகவே கூட்டிக்கொண்டு நடக்கும். எந்த வீட்டில் எந்தக் குழந்தை என்று பதிவே வைக்கவில்லை. வைத்தால் யாராவது புரட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

கோழிப்பிரிவின் மேற்பார்வையாளர் வடிவுக்கு ஒன்பது வயதில் இரட்டைப் பெண்கள். அப்படித்தான் ஞாபகம். பவளம் நல்ல சிவப்பு. முத்தரசி கருப்பு. முத்தரசியைப் பார்க்கிறவர்கள் "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். பவளத்துக்கு யாரும் 'இருந்தாலும்' போட்டதில்லை.

ஒரு வாரம் அடைசேர்ப்பு அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து இருவருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். இறந்துபோனதாக நினைத்த ஐந்தாம் குமிழ்க்காரர்கள் சிலர் சுரங்கத்துக்குள் பிழைத்திருக்கிறார்கள், குமிழைச் சரிசெய்துகொண்டு பிள்ளைகளைத் திரும்பக் கேட்கிறார்கள், இந்த வீட்டிலும் ஒரு குழந்தை அவர்களுடையதாக இருக்கலாம், மூன்றாம் நாள் முடிவு வரும் என்றார்.

வடிவு அன்று சாப்பிடவில்லை. அவள் கணவன் குமரேசன் ஆறுதலாகப் பேசிப் பார்த்தான்.

"ரெண்டும் நம்ம புள்ளைங்கதான். முடிவு வர்ற வரைக்கும் எதையும் யோசிக்காத."

"யோசிக்க என்ன இருக்கு? பாத்தாலே தெரியுதே."

வடிவு மாநிறம். குமரேசன் அதற்கும் ஒரு படி கூடக் கருப்பு. வீட்டில் கண்ணாடியும் இருக்கத்தான் செய்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் முத்தரசி பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது.

மறுநாளிலிருந்து வடிவு அவளிடம் பிரியமாக இருந்தாள். அதுதான் கொடுமை. "ஏய், தட்டைக் கழுவு" என்று அதட்டியவள், "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோம்மா" என்றாள். தட்டையும் தானே கழுவினாள். விருந்தாளிக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தாள். பவளத்தை மட்டும் வழக்கம்போலத் திட்டினாள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் நாள் பொரிப்பானில் ஆறு குஞ்சுகள் பொரித்தன. அடைகோழியிடம் ஏற்கெனவே நாலு இருந்தன. வடிவு ஐந்தைச் செருகிவிட்டு ஒன்றை விளக்குப் பெட்டியில் தனியாக விட்டாள். அது கருப்பு. பதிவேட்டில் 'கோழி ஏற்காது' என்று எழுதினாள். பெட்டியில் விட்ட குஞ்சுகள் பெரும்பாலும் இரண்டு நாள் தாங்காது. பள்ளி விட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்த முத்தரசி கேட்டாள்.

"சேத்து விட்டா என்னம்மா ஆகும்?"

"கொத்திரும். கோழி நெறம் பாக்கும்."

"கொத்துனத நீ பாத்திருக்கியா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றாள் வடிவு.

மூன்றாம் நாள் மாலை முடிவு வந்தது. அடைசேர்ப்புக் குழந்தை பவளம். வடிவு கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மாறிப் போயிருக்கும், மறுபடி பாருங்கள் என்றாள். மூன்று முறை பார்த்தாகிவிட்டது என்றார் கடிதம் கொண்டுவந்த அதிகாரி. குமரேசன் பவளத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். வடிவுக்கும் பவளத்தைத் தூக்கிக் கொடுப்பதை நினைக்கவே முடியவில்லை. அப்புறம்தான் இன்னொருத்தி வீட்டில் இல்லாதது உறைத்தது. வாசலில் முத்தரசியின் பை இருந்தது. துணிகளை அவளே மடித்து வைத்திருந்தாள்.

வடிவு கோழிக்கூடத்துக்கு ஓடினாள். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. போட்டாள். முத்தரசி தரையில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் பெட்டி காலியாக இருந்தது.

கோழி எழுந்து சிறகை உதறிக்கொண்டு நடந்தது. பின்னால் குஞ்சுகள் ஓடின. செவ்வாயில் எதற்கும் எடை குறைவு என்பதால் கருப்புக் குஞ்சு ஒரே எம்பில் கோழியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. கோழி திரும்பிப் பார்த்துவிட்டுத் தரையைக் கிளறப் போய்விட்டது. பதினோரு வருஷமாக 'கோழி ஏற்காது' என்று எழுதி வந்த பதிவேடு சுவரில் தொங்கியது.

வடிவு மகளின் கையைப் பிடித்தாள்.

"முத்து, நீதாண்டி என் வயித்துல பொறந்தவ. எந்திரி, வீட்டுக்குப் போலாம்."

"கடுதாசி வந்துருச்சா?"

வடிவு தலையாட்டினாள். முத்தரசி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தாள்.

"நீங்க போங்கம்மா. இதுங்களுக்குத் தண்ணி வச்சிட்டு வர்றேன்."

அம்மாவை அவள் அதுவரை 'நீங்க' என்று சொன்னதே இல்லை.